அக்காவின் உரிமமும் ஓர் ஆமையும்

சூரியன் தினமும் உதிப்பது என் அக்காவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான். கடல் அலைக்கும் நிலாவுக்கும் அவள் தனித்தனியாக நிபந்தனை போட்டிருக்கிறாள். நிலா இதுவரை ஒரு தடவைகூட மீறியதில்லை. சட்டைப் பைக்கு மேலே பெயர் தைத்துக்கொண்டு இந்த உலகத்தில் யார் யார் நடமாடுகிறார்களோ, அத்தனை காவலாளிகளும் நர்சுகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காலையில் எழுந்ததும் அவள் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும். இந்தக் கடைசி வரியில் மட்டும் துளி உண்மை இருக்கிறது. மீதியெல்லாம் தம்பி என்ற முறையில் நான் சேர்த்த மசாலா.

உண்மையில் அக்காவின் உலகம் ஒரு கட்டிடத்தின் நிலத்தடித் தளம். பெரியப்பாவின் எம்பிராய்டரி கடை அங்கேதான் இருக்கிறது. மூன்று மெஷின், ஒரு கம்ப்யூட்டர், நூல்கண்டு அடுக்கிய இரும்பு அலமாரி. ஜன்னல் என்று ஒன்று உண்டு. அது தெருமட்டத்தில் இருப்பதால் வெளியே பார்த்தால் கால்கள் மட்டும் போகும், வரும். அக்கா காலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். தபால்காரரின் முகத்தை ஒருநாள் நேரில் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன வயசா என்று என் காதில் கேட்டாள்.

வீடு கடைக்கு மேலே. நடுவில் உள்ளுக்குள்ளேயே ஒரு படிக்கட்டு. அக்கா வேலைக்குப் போவது என்றால் இறங்குவாள், வீடு திரும்புவது என்றால் ஏறுவாள். சில வாரங்களில் அவள் செருப்புக்கு வேலையே இருக்காது. காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கப் போனவள்தான். பாதியில் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். பெரியப்பா வந்து எங்கள் இரண்டு பேரையும் பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதட்டியதில்லை, சாப்பாட்டைக் கணக்குப் பார்த்ததில்லை. திட்டுகிற மனிதராக இருந்திருந்தால் அக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும், கோபித்துக்கொண்டு கிளம்பியிருப்பாள். இவ்வளவு நல்லவரிடமிருந்து எந்தக் கதவு வழியாக வெளியேறுவது? நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தோடு பேசிப் பிரிந்துவிட்டேன். தைத்து முடித்த எழுத்துகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பது என் உத்தியோகம்.

கதை ஒரு சாவியில் ஆரம்பித்தது. கடையில் டிசைன் போடுகிற மென்பொருளுக்குக் கட்டைவிரல் அளவில் ஒரு சாவி உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் அது வாயைத் திறக்கும். பெரியப்பா அதை ஷட்டர் சாவியோடும் பீரோ சாவியோடும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டியிருப்பார். அவர் கடைத்தெருவுக்குப் போனால் சாவியும் போகும், அக்காவின் வேலையும் நிற்கும். ஒருமுறை வெளியூருக்குப் போனவர் அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார். ஓர் ஆஸ்பத்திரி முழுவதற்கும் பெயர் தைக்க வேண்டிய சட்டைகள் மடித்த மேனிக்குக் கிடந்தன. அக்கா ஊசியில் நூலைக் கோப்பதும் உருவுவதுமாக உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் சொந்தமாக எழுத ஆரம்பித்தாள். படத்தைக் கொடுத்தால் எந்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும், எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்கிற மென்பொருள். மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில் எழுதியே முடித்தாள். சாவி கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்திலும் போட்டாள்.

எங்கோ ஓர் ஊரிலிருந்து வயதான தையல்காரர் ஒருவர் எழுதினார்: இதை நான் பயன்படுத்தலாமா? அக்காவுக்குச் சிரிப்பு. அதற்குத்தானே போட்டிருக்கிறேன் என்று பதில் எழுதினாள். அவர் விடவில்லை. அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லையே அம்மா என்றார். அக்கா தேடிப் படித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். உரிமம் எதுவும் வைக்காமல் போட்டால், எல்லா உரிமையும் எழுதியவருக்கே என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளுமாம். கதவைத் திறந்து போட்டிருக்கிறாள், ஆனால் உள்ளே கால் வைத்தால் திருட்டு.

பிறகு உரிமம் பொறுக்குகிற வேலை. என்னவோ மாப்பிள்ளை பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றிலும் குறை கண்டுபிடித்தாள். எனக்கு ஆங்கிலம் அரைகுறை என்பதால், எனக்குப் புரிந்துவிட்டால் உலகத்துக்கே புரிந்துவிடும் என்பது அவள் கணக்கு. எம்.ஐ.டி. என்று ஒன்று: எடுத்துக்கொண்டு போ, என்ன வேண்டுமானாலும் செய், என் பெயரை மட்டும் அழிக்காதே. ஜி.பி.எல். என்று இன்னொன்று: எடுத்துக்கொண்டு போ, மாற்று, விற்கக்கூடச் செய், ஆனால் இன்னொருவருக்குக் கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே சுதந்திரத்தோடு, மூல நிரலோடு, அதாவது உள்ளே எழுதியதைத் திறந்து படிக்கிற மாதிரி கொடு.

"ரெண்டும் இனாம்தானே, எதையாவது ஒன்னை வெச்சுட்டு எழுந்திரு அக்கா," என்றேன்.

"முதல்ல சொன்னதுல ஒரு பெரிய கம்பெனி வந்து எடுத்துட்டுப் போய், அதுக்கு ஒரு சாவி போட்டு, நம்ம பெரியப்பாகிட்டயே வித்துடலாம். ரெண்டாவதுல முடியாது."

அப்படித்தான் ஜி.பி.எல். வந்தது. முழு உரிமத்தையும் ஒரு கோப்பாக வைத்தாள். மற்ற ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தன் பெயரையும் ஆண்டையும் எழுதினாள். பெயரை எழுதி முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அந்தக் கடையில் அவள் பெயர் எழுதியிருந்த பொருள் அதற்கு முன்பு ஒன்றும் கிடையாது. கடைசியில், உற்சாகத்தில், இணையப் பக்கத்தின் முகப்பில் இன்னொரு வரியும் சேர்த்தாள்: இதில் யார் எதை எழுதிக் கொடுத்தாலும் அது எழுதியவருக்கே சொந்தம். சட்டமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. அக்கா அதைப் பெருமையாகச் சொன்னாள், அவ்வளவுதான்.

அதன்பிறகு ஒருவரும் வரவில்லை. தையல்காரரோடு சரி. தினமும் காலையில் அக்கா பக்கத்தைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள். நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டால் எனக்கென்ன என்பாள். அந்த மாதங்களில் அவள் ஜன்னலில் போகும் கால்களைக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஆமை வந்தது. பெயருக்குப் பதிலாக ஓர் ஆமைப் படத்தை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர், நசுங்கிய ஆங்கிலத்தில் இரண்டு வரியும் நீளமான ஓர் அட்டவணையும் அனுப்பியிருந்தார். தைக்கும்போது நூல் துணியை உள்ளே இழுக்கும். வட்டமாகப் போட்டது முட்டையாக வரும். எந்தத் துணி எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்தால் முன்கூட்டியே அகலமாகப் போட்டுச் சரிக்கட்டலாம். ஆமை அதைத்தான் அளந்து அனுப்பியிருந்தது. கேன்வாஸ், பனியன் துணி, துண்டுத் துணி, சீருடைத் துணி என்று ஒன்று விடாமல். அதிலும் இடது பக்கம் எவ்வளவு, வலது பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக.

"யாருமே இப்படி யோசிச்சதில்லைடா. இடது வேற, வலது வேறயாம். இது சாதாரண ஆள் இல்லை," என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் இரண்டு தடவை தலை வாரிக்கொண்டாள். ஆமையை ஏதோ ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்து தைக்கிற பெரியவராகக் கற்பனை செய்து வைத்திருந்தாள். சாப்பிடும்போது, ஆமை இந்நேரம் என்ன சாப்பிடுவாரோ என்பாள். புல் என்பேன். முதுகில் ஒன்று விழும்.

ஆமையின் அட்டவணையைச் சேர்த்தபிறகு மென்பொருள் ஓட ஆரம்பித்தது. ஒரு காலேஜ் பெண் வந்து பிழை திருத்தினாள். தையல்காரர் எழுத்து வடிவங்கள் கொடுத்தார். அக்காவுக்குப் பெயர் தெரியாத ஊர்களிலெல்லாம் அதை வைத்துத் தைத்தார்கள்.

எதிர்வரிசையில் இருந்த போட்டிக் கடைக்காரரும் தைத்தார். அது பெரியப்பாவின் காதுக்கு வந்த நாளில் அவர் சாவி வளையத்தைச் சுழற்றிக்கொண்டே கீழே இறங்கி வந்தார்.

"அதைத் திரும்ப வாங்கிக்கோம்மா."

"முடியாது பெரியப்பா."

"ஏன், நீ எழுதினதுதானே?"

"நான் எழுதினதுதான். கொடுத்ததும் நான்தான். இனிமே எழுதறதை வேணும்னா உள்ளே வெச்சுக்கலாம். போனது போனதுதான்."

"எவனாவது அப்படி ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போடுவானா?"

"நான் போட்டேன்."

பெரியப்பா சாவி வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு மேலே போனார். மறுநாள் வழக்கம்போல அக்காவுக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அதுதான் அவரிடம் இருக்கிற பெரிய பிரச்சினை.

போன வருடக் கடைசியில் ஒரு மெஷின் கம்பெனியிலிருந்து வக்கீல் அம்மா ஒருவர் பேசினார். அக்காவின் மென்பொருளைத் தங்கள் புது மெஷினுக்குள்ளேயே வைத்து விற்க ஆசை. அக்காவுக்கு அங்கேயே வேலை. வேறு நகரம், ஏழாவது மாடி. அக்கா ஏழாவது மாடி என்பதை மட்டும் என்னிடம் மூன்று தடவை சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் ஆட்களின் தலை தெரியுமாம். ஒரே ஒரு நிபந்தனை. மெஷினுக்குள் போவது பூட்டித்தான் போகும், மூல நிரலை யாருக்கும் தர மாட்டார்கள். ஜி.பி.எல். அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே அக்கா அவர்களுக்கு மட்டும் தனியாக வேறோர் உரிமத்தில் கொடுக்க வேண்டும். ஏற்கனவே வெளியே போனது எப்போதும்போலத் திறந்தே இருக்கும், அதை யாரும் தொட முடியாது.

அக்கா யோசித்தாள். சாவி வேண்டாம் என்றுதானே எழுதினோம் என்று தன்னிடமே சண்டை பிடித்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் வக்கீல் அம்மா, முகப்பில் இருந்த அந்த வரியைப் படித்துக் காட்டினார். யார் எழுதினாலும் எழுதியவருக்கே சொந்தம். அப்படியென்றால் எழுதிய எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அக்கா ஒருத்தியின் கையெழுத்து போதாது.

தையல்காரர் அன்றே சம்மதம் அனுப்பினார், வாழ்த்தோடு. காலேஜ் பெண் இரண்டு நாள் கொள்கை பேசிவிட்டு, உனக்கு நல்லது நடக்கும் என்றால் சரி என்றாள். ஆமை பதில் போடவில்லை.

அக்கா மறுபடி எழுதினாள். ஐயா என்று தொடங்கி ஒன்று, ஐயாவோ அம்மாவோ தெரியவில்லை, மன்னிக்கவும் என்று தொடங்கி இன்னொன்று. உடம்பு சரியில்லையா என்று விசாரித்து ஒன்று. அனுப்புவதற்கு முன்பு என்னிடம் படித்துக் காட்டுவாள். நன்றாக இருக்கிறது என்பேன். ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டதுதான், வெளியே வரவே இல்லை.

பெரியப்பா தடுக்கவில்லை. "போறதுன்னா போம்மா, நான் யாரு உன்னைப் பிடிச்சு வெக்க," என்றார். அவர் போ என்று சொல்கிற விதத்திலேயே கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அன்றிலிருந்து பாதித் தட்டோடு எழுந்துவிடுவார். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியோ, மாத முடிவுக்கு மேல் காத்திருக்க மாட்டோம் என்றது.

அவள் மாட்டிக்கொண்டிருந்த விதத்தை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கும். பெரியப்பாவின் சாவியிலிருந்து தப்பிக்க எழுதியது அந்த மென்பொருள். யாரும் பூட்டக்கூடாது என்று பொறுக்கி எடுத்தது அந்த உரிமம். இப்போது வெளியே போக வேண்டுமென்றால் அதைப் பூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பூட்டுவதற்கும் வழியில்லாமல் முகம் தெரியாத ஓர் ஆமை குறுக்கே படுத்துக்கிடந்தது. மெஷின்கள் ஓடும்போது பேச்சே கேட்காது என்பதால், அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து அவள் ஏதோ முணுமுணுப்பதை மட்டும் பார்ப்பேன். உதடு அசைவதை வைத்து, கெட்ட வார்த்தை இல்லை என்று மட்டும் கண்டுபிடித்தேன்.

கடைசியில் வக்கீல் அம்மாவே ஒரு வழி சொன்னார். ஆமை கொடுத்ததை முழுசாக எடுத்துவிடுங்கள். அதைப் பார்க்காமல், நீங்களே துணியில் தைத்து, அளந்து, புதிதாக அட்டவணை போடுங்கள். அப்போது ஆமையின் சம்மதம் தேவைப்படாது.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணிகளைக் கத்தரித்து அடுக்கினாள். ஒவ்வொரு துணியிலும் ஒரு சதுரம் தைப்பது, அது எவ்வளவு சுருங்கியது என்று ஸ்கேலில் அளப்பது, எழுதுவது. நான் கூட இருந்தேன். மூன்றாம் மெஷின் பக்கம் போகாதே, மோட்டார் சூடாகிறது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அது என் பொறுப்பில் இருக்கிற மெஷின். மற்ற யாருக்கும் அதனிடம் பொறுமை கிடையாது.

முதல் மெஷினில் அளந்தாள். இரண்டாவதில் அளந்தாள், ஏறக்குறைய அதே கணக்கு. இடதும் வலதும் ஒன்றுபோலவே இருந்தன. புதிய அட்டவணை தயாராகிவிட்டது. சும்மா ஓர் ஆசைக்கு ஆமையின் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒட்டவே இல்லை. ஆமையின் கணக்கில் எல்லாத் துணியும் இடது பக்கம் கூடுதலாகச் சுருங்கியது.

"அவ்வளவு பெரிய ஆள் தப்பா அளந்திருப்பாரா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"வெளிநாட்டுத் துணியா இருக்கும்," என்றேன்.

எழுந்துபோய் மூன்றாம் மெஷினின் மோட்டாரில் கை வைத்தாள். அது சில்லென்று இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் மும்முரமாக, நூலே இல்லாத ஒரு துணியில் நூல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கேன்வாஸ் தைத்தாள். அளந்தாள். பனியன் துணி தைத்தாள். அளந்தாள். சீருடைத் துணியில் ஸ்கேலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு குனிந்து, துணியைப் பிடிக்கிற ஃபிரேமின் இடது பக்கத்தை விரலால் ஆட்டிப் பார்த்தாள்.

"இந்த ஸ்குரூ எப்போ தேஞ்சுது?"

"நாம வந்ததுலேர்ந்தே அப்படித்தானே இருக்கு."

"ஆமையோட மெஷின்லயும் இடது பக்க ஸ்குரூ தேஞ்சிருக்குடா."

"ஒரே கம்பெனி மெஷினா இருக்கும்."

"இதே அளவு தேஞ்சிருக்கு."

"பாவம் ஆமை," என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பும் வேறொன்றும் முட்டிக்கொண்டு நின்றன. எது முதலில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"இத்தனை நாளா எங்கெங்கயோ இருக்கறவங்க எல்லாம் இடது பக்கம் கோணலா தைச்சிட்டிருக்காங்கடா. அவங்கவங்க மெஷின்லதான் கோளாறுன்னு நெனைச்சிட்டு. அந்தக் காலேஜ் பொண்ணு ரெண்டு தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கா."

நான் கீழே கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"எதுக்குடா அனுப்பின?"

"யாருமே வரலையேன்னு தினம் பாத்துட்டு இருந்தியே."

"அப்புறம் எதுக்கு பதில் போடாம இருந்த?"

ஜன்னலில் யாரோ செருப்பில்லாமல் போனார்கள். இந்தக் கேள்விக்கு நான் பல பதில்கள் யோசித்து வைத்திருந்தேன், எல்லாமே சிரிப்பு வருகிற மாதிரி. ஒன்றும் கைக்கு வரவில்லை.

"மூணாம் மெஷின்ல எனக்குத் தனியா நூல் கோக்க வராதுக்கா," என்றேன்.

அந்த மெஷினில் எத்தனையோ நாளாக நான்தான் தனியாக நூல் கோக்கிறேன். அவளுக்கு அது தெரியும்.

அக்கா அளவு எழுதிய தாளை மடித்தாள். ஸ்டூலை இழுத்து, படிக்கட்டை மறித்தாற்போல் போட்டு உட்கார்ந்தாள். மேலே பெரியப்பா நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"என் கணக்கு இதுல இருக்கு. ஆமையோடதை அழிச்சுட்டு இதைப் போட்டா முடிஞ்சுது. உன் சம்மதம் எனக்குத் தேவையில்லை." மடித்த தாளை விரலால் நீவினாள். "அழிச்சுட்டுப் போக மனசு வரலை. அதனாலதான் கேக்கறேன். போனை எடு, நான் போட்ட மெயில் எல்லாம் அதுலதானே இருக்கு. இப்பவே பதில் போடு. சரின்னாலும் சரி, முடியாதுன்னாலும் சரி. ஆமை பேர்ல வேணாம். உன் பேர்ல போடு."